ஸ்கேன் நார்மல், ஆனாலும் வண்டி ஏறினால் குமட்டுகிறதே, ஏன்?

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நீளமான கடிதம் அனுப்பியிருக்கிறார். அதன் சுருக்கம் இது.

வயது 36. ஏழெட்டு வயதிலிருந்தே வண்டிப் பயணம் ஒத்துக்கொள்ளாது. கால் மணி நேரத்தில் கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, அப்புறம் குமட்டல். நடுவில் பல வருடங்கள் பரவாயில்லாமல் இருந்தது. போன வருடம் வேலை மாறியதிலிருந்து தினமும் அலுவலகத்தின் மின்சாரக் காரில், பின் சீட்டில், லேப்டாப்போடு ஒன்றரை மணி நேரப் பயணம். பழைய தொல்லை இரண்டு மடங்காகத் திரும்பிவிட்டது. மூளைக்கும் உள்காதுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார். ‘குறிப்பிடும்படியான கோளாறு இல்லை, இடது உள்செவிக் கால்வாயில் ரத்தக்குழாய் வளைவு’ என்று ரிப்போர்ட். சமநிலைப் பரிசோதனையில் ‘வலது பக்கம் 18 சதவீதம் குறைவு’. ஒரு மருத்துவர் எப்போதோ எழுதிக்கொடுத்த, சின்னரிசின் என்ற பயணக் குமட்டல் மாத்திரையை, தானே கடையில் வாங்கி எட்டு மாதமாகத் தினமும் சாப்பிடுகிறார். தானே கார் ஓட்டினால் ஒன்றுமே செய்வதில்லை. அதனால் கணவர் இதை மனப்பிரமை என்கிறார். எட்டு வயது மகளுக்கும் இப்போது ஆரம்பித்திருக்கிறது.

அவர் கேட்பது: ஸ்கேனில் எதையோ தவறவிட்டுவிட்டார்களா? இன்னும் சக்திவாய்ந்த ஸ்கேன் எடுக்கலாமா? என் காது பலவீனமா? ஆபரேஷன் உண்டா? மகளுக்கும் ஸ்கேன் எடுத்துவிடட்டுமா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தோடு இரண்டு ரிப்போர்ட்டுகளின் நகலையும் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவற்றில் பயப்பட எதுவும் இல்லை. உங்களுக்கு இன்னொரு ஸ்கேன் தேவை என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

காது பலவீனமா?

உங்கள் கேள்விகள் எல்லாம் ‘உள்காது சரியாக வேலை செய்யாததால்தான் குமட்டுகிறது’ என்ற எண்ணத்திலிருந்து வருகின்றன. பெரும்பாலானவர்கள் நினைப்பது இதுதான். உண்மை கிட்டத்தட்டத் தலைகீழ். பயணக் குமட்டல் வர வேண்டுமானால் உள்காது வேலை செய்தே ஆக வேண்டும். உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு இரண்டு பக்கமும் முழுக்கச் செயலிழந்தவர்களுக்குப் பயணக் குமட்டல் அனேகமாக வருவதே இல்லை.

இது இன்று நேற்றுத் தெரிந்த விஷயமல்ல. காது கேளாதவர்களைச் சுழற்றிப் பார்த்தால் அவர்களில் பலருக்குத் தலை சுற்றுவதே இல்லை என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1882-லேயே எழுதினார். 1950-களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர்கள், விண்வெளிப் பயணத்துக்கு முன்னோட்டமாக, காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியைச் சேர்ந்த பதினோரு ஆண்களைத் தேர்ந்தெடுத்துப் பல வருடங்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்குச் சிறு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் செவித்திறனோடு சமநிலை உறுப்பையும் அழித்துவிட்டிருந்தது. கொந்தளிக்கும் கடலில் கப்பலில் அழைத்துப் போனபோது ஆய்வாளர்கள் வாந்தியெடுத்துச் சுருண்டுகிடக்க, இவர்கள் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்களாம்.

எதிர்ப்பக்கத்திலும் பாருங்கள். 1961-ல் வோஸ்டாக் 2 கலத்தில் பறந்த சோவியத் விண்வெளி வீரர் கெர்மன் தித்தோவ்தான் விண்வெளியில் முதன்முதலில் குமட்டலால் அவதிப்பட்டவர். அதன்பின் போனவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் சில நாட்கள் இந்தத் தொல்லை உண்டு. கடுமையான பரிசோதனைகள் எல்லாம் தாண்டி, ஆரோக்கியமான காதுகளோடு போனவர்கள் அவர்கள். ஆகவே ‘பலவீனம்’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். உங்கள் காது வேலை செய்கிறது. அது சொல்வதை மூளை எப்படிப் படிக்கிறது என்பதில்தான் சிக்கல்.

உள்காதில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்புவதை அவை உணரும். அவற்றின் அடியில் யூட்ரிக்கிள், சாக்யூல் என்று இரண்டு சிறு பைகள். அவற்றில் ஒரு பசைப்படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட் படிகங்கள் உட்கார்ந்திருக்கும். புவியீர்ப்பையும், வண்டி வேகமெடுப்பதையும் பிரேக் பிடிப்பதையும் உணர்பவை இவை. நீங்கள் பின் சீட்டில் லேப்டாப்பைப் பார்க்கும்போது கண், ‘எதுவும் அசையவில்லை’ என்கிறது. காது, ‘இடது பக்கம் திரும்பினோம், இப்போது வேகம் குறைகிறது’ என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததோடு, அடுத்து என்ன நடக்கும் என்று மூளை போட்டு வைத்த கணக்கும் பொய்த்துப்போகிறது. ரீசன், பிராண்ட் என்ற இருவர் 1975-ல் விரிவாக எழுதிய இந்த முரண்பாட்டுக் கொள்கைதான் இன்றும் பெரும்பாலான ஆய்வுகளுக்கு அடிப்படை.

இந்த இடத்திலேயே உங்கள் கணவருக்கும் பதில் இருக்கிறது. ஓட்டுபவருக்குக் குமட்டுவதில்லை என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும்போது எப்போது திரும்பும், எப்போது நிற்கும் என்று மூளைக்கு முன்கூட்டியே தெரியும். கண்ணும் சாலையில்தான் இருக்கும். கணக்கு பொய்க்காது, குமட்டலும் வராது. இதில் பிரமை எதுவும் இல்லை. மின்சாரக் காரில் இது கூடுவதற்கும் காரணம் உண்டு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே மோட்டார் வேகத்தை இழுத்துப் பிடிக்கிறது. எஞ்சின் சத்தம் ஏறி இறங்கி முன்னறிவிப்புத் தருவதும் இல்லை. அந்த வகை பிரேக்கிங்கின் அளவைக் குறைத்து வைக்கப் பல கார்களில் வசதி இருக்கிறது. ஓட்டுநரிடம் கேட்டுப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம்.

ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது

ஒரு வீணையை எக்ஸ்ரே எடுத்தால் தந்தி அறுந்திருக்கிறதா, குடம் விரிந்திருக்கிறதா என்று தெரியும். சுருதி சேர்ந்திருக்கிறதா என்று தெரியாது. உள்காது ஸ்கேனும் அப்படித்தான்.

உங்களுக்கு எடுத்த வகை எம்.ஆர்.ஐ.யில் உள்காதின் திரவம் வெள்ளையாகத் தெரியும். ஒலியை உணரும் நத்தைச் சுருளும் மூன்று குழாய்களும் அழகாக வார்த்தெடுத்த மாதிரி வரும். அவற்றுக்குப் போகும் நரம்புகள் மெல்லிய கறுப்புக் கோடுகளாகத் தெரியும். செவி நரம்பில் கட்டி இருக்கிறதா, குழாய்கள் பிறவியிலேயே சரியாக உருவாகவில்லையா, மூளைத் தண்டிலோ சிறுமூளையிலோ ஏதாவது இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு இது மிக நல்ல பதில் தரும். உங்கள் ரிப்போர்ட் இவை எதுவும் இல்லை என்கிறது. அந்தப் பதிலை நம்புங்கள்.

காட்டாதது என்ன? நான் சொன்ன படிகங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். உணர்வுச் செல்களும் அதே கணக்குத்தான். மருத்துவமனை ஸ்கேனில் ஒரு புள்ளி என்பதே கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். ஆகவே அவற்றைப் பார்க்க வழியில்லை. பார்த்தாலும் பிரயோஜனம் குறைவு. ஏனென்றால் வித்தியாசம் பெரும்பாலும் அங்கே இல்லை. தலை ஒரே சீராகச் சுழன்றுகொண்டிருந்தால் அரைவட்டக் குழாயின் செய்தி ஐந்து விநாடி அளவிலேயே தேய்ந்துவிடும். மூளைத் தண்டு அதைச் சேமித்து வைத்துக்கொண்டு பதினைந்து, இருபது விநாடி வரை நீட்டிக்கிறது. பயணக் குமட்டல் அதிகம் உள்ளவர்களுக்கு இந்த நீட்டிப்பு கூடுதல் நேரம் நிற்கிறது என்று சுழல் நாற்காலி ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. பழக்கப்படுத்தினால் அது குறைகிறது. இது எந்தப் படத்திலும் விழாத விஷயம்.

‘சக்திவாய்ந்த ஸ்கேன்’ என்று நீங்கள் கேட்ட மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் 7 டெஸ்லா எம்.ஆர்.ஐ. (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் பலத்தைச் சொல்லும் அலகு.) பெரும்பாலும் ஆராய்ச்சிக்குப் பயன்படுவது. உங்கள் கேள்விக்கு அது கூடுதலாக எதுவும் சொல்லாது. வேடிக்கை என்னவென்றால், அந்த இயந்திரமே பலருக்குத் தலைசுற்றலை வரவழைக்கும். பலமான காந்தப்புலம் உள்காதுத் திரவத்தில் ஓடும் அயனி மின்னோட்டத்தைத் தள்ளுவதால் அரைவட்டக் குழாய் ‘சுழல்கிறோம்’ என்று நினைத்துக்கொள்கிறது; சும்மா படுத்திருக்கும்போதே கண் தானாக ஆடுகிறது. 2011-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு இதை விளக்கியது. சமநிலை உறுப்பு செயலிழந்தவர்களுக்கு இது நடக்கவில்லை என்பதையும் அவர்களே காட்டினார்கள்.

இரண்டாவது, கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி நான்கு மணி நேரம் கழித்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. உள்காதின் உட்பையில் திரவம் பெருகி வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்கானது. 2007-ல் ஜப்பானின் நகோயா ஆய்வாளர்கள் மருந்தைச் செவிப்பறை வழியாகச் செலுத்தி முதலில் இதைப் படமெடுத்துக் காட்டினார்கள். இப்போது ரத்தநாளத்தில் ஏற்றியே எடுக்கிறார்கள். மெனியர் நோய்க்கு உதவும். அந்த நோயில் ஒரு காது அடைத்துக்கொள்ளும், இரையும், கேட்கும் திறன் ஏறி இறங்கும், சும்மா இருக்கும்போதே மணிக்கணக்கில் உலகம் சுழலும். உங்களுக்கு இதில் ஒன்றுகூட இல்லை.

மூன்றாவது, காதெலும்புக்கான சி.டி. ஸ்கேன். மேல் அரைவட்டக் குழாயின் கூரை எலும்பில் ஓட்டை விழும் நோய் ஒன்று உண்டு. அமெரிக்கக் காது மருத்துவர் லாயிட் மைனர் 1998-ல் அதை விவரித்தார். பெரிய சத்தம் கேட்டால் தலை சுற்றும், தன் குரல் தன் காதிலேயே முழங்கும், சிலருக்குக் கண் அசையும் சத்தம்கூடக் கேட்கும். இப்படி இருந்தால் சி.டி. அவசியம். இல்லாதபோது கதிர்வீச்சை ஏன் வாங்க வேண்டும்?

மூளை எப்படி வினைபுரிகிறது என்று பார்க்கச் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. ஆய்வுகளும் நடக்கின்றன. ஆடும் கோடுகளைக் காட்டிக் குமட்டலை வரவழைத்து, அப்போது மூளையின் எந்தப் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன என்று பார்க்கிறார்கள். பலருடைய படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் அதில் அர்த்தம் வரும். ஒரே ஒருவரைப் படுக்க வைத்து, ‘உனக்குப் பயணக் குமட்டல் இருக்கிறது’ என்று சொல்லும் நிலைக்கு அது வரவில்லை. அதைச் சொல்ல ஸ்கேன் தேவையும் இல்லை. உங்கள் கதையே போதும். சமநிலை மருத்துவர்களின் உலக அமைப்பான பாராணி சங்கம் 2021-ல் வெளியிட்ட நோயறி வரையறையும் முழுக்க அறிகுறிகளை வைத்ததுதான். படமோ பரிசோதனை எண்ணோ அதில் கேட்கப்படவில்லை.

அந்த ரத்தக்குழாய் வளைவும் 18 சதவீதமும்

உங்களைத் தூங்கவிடாமல் செய்தது இந்த இரண்டு வரிகள்தான் என்று தெரிகிறது. ரத்தக்குழாய் வளைவு எந்தத் தொந்தரவும் இல்லாத ஆட்களின் ஸ்கேனிலும் சர்வ சாதாரணமாகத் தெரிவது. ரேடியாலஜி மருத்துவர் கண்ணில் பட்டதை எழுத வேண்டும், எழுதியிருக்கிறார். அதோடு இன்னொன்றையும் கவனித்தீர்களா? வளைவு இருப்பது இடது பக்கம். ‘குறைவு’ என்று வந்தது வலது பக்கம். இரண்டையும் முடிச்சுப்போட்டு ஒரு நோயை உண்டாக்க முடியாது.

18 சதவீதம் என்பது ‘வலது காது 18 சதவீதம் கெட்டுவிட்டது’ என்று அர்த்தமல்ல. அந்தப் பரிசோதனை உங்களுக்கு நினைவிருக்கும். தலையை முப்பது டிகிரி உயர்த்திப் படுக்க வைத்து, கண்ணில் இருட்டுக் கண்ணாடி மாட்டி, ஒவ்வொரு காதிலும் 30 டிகிரி, 44 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் விட்டிருப்பார்கள். உடல் சூட்டைவிட ஏழு டிகிரி கீழே ஒரு முறை, ஏழு டிகிரி மேலே ஒரு முறை. வெப்ப வித்தியாசத்தில் குழாய்க்குள் திரவம் ஓட, கண் ஒரு பக்கமாக நழுவி நழுவித் திரும்பும். அதைக் கேமரா எண்ணும். நடுவில் உங்களிடம் ஏதாவது கணக்குப் போடச் சொல்லியிருப்பார்கள். மனம் சும்மா இருந்தால் கண்ணாட்டம் அடங்கிவிடும் என்பதால். இந்த வேலையின் அடிப்படையைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ராபர்ட் பாராணிக்கு 1914-ன் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் தண்ணீர் காதுக்குள் எவ்வளவு தூரம் போயிற்று, காதுக்குழி எப்படி வளைந்திருக்கிறது, எவ்வளவு விழிப்பாக இருந்தீர்கள் என்பதெல்லாம் எண்ணை மாற்றும். அதனால்தான் இரண்டு பக்கத்துக்கும் 25 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மட்டுமே பொதுவாகக் குறைபாடு என்று எடுத்துக்கொள்கிறோம். 18 நார்மலுக்குள்ளேதான் வருகிறது. தலையைச் சட்டென்று திருப்பிப் பார்க்கும் பரிசோதனையும் உங்களுக்கு இரண்டு பக்கமும் சரியாகவே இருக்கிறது. பரிசோதனையின்போது வாந்தி வந்ததையும் கெட்ட அறிகுறியாக எழுதியிருக்கிறீர்கள். பயணக் குமட்டல் உள்ளவர்கள் பலருக்கு அந்தத் தண்ணீர்ப் பரிசோதனையில் அப்படித்தான் ஆகும். காது நன்றாகத் தூண்டப்பட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பயணக் குமட்டல் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் வரிசையாக நிறுத்தி இப்படிப்பட்ட பரிசோதனைகள் செய்த ஆய்வுகள் நிறைய உண்டு. படிகப் பைகளின் வினை இரண்டு பக்கமும் சமமாக இல்லை என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் இரண்டு குழுக்களின் எண்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அதை வைத்து ஒரு தனி ஆளிடம் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி

‘மாதவிடாய்க்கு முன்னால் எல்லோருக்கும் வருவதுபோலத் தலைவலி வரும், ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கும், விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன், அந்த நாட்களில் வண்டியில் இன்னும் மோசம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் அப்படி வராது, சகோதரி. ஒரு பக்கமாகத் துடிக்கும் வலி, வெளிச்சம் பிடிக்காமல் போவது, வேலையைப் போட்டுவிட்டுப் படுக்க வேண்டியிருப்பது எல்லாம் ஒற்றைத் தலைவலி என்னும் மைக்ரேனின் அடையாளங்கள். கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் ரிப்போர்ட்டுகள் இரண்டையும்விட இந்த வரிதான் எனக்கு அதிகம் சொல்கிறது.

மைக்ரேனும் பயணக் குமட்டலும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி. மைக்ரேன் உள்ளவர்களுக்குப் பயணக் குமட்டல் மற்றவர்களைவிட நிறையவே அதிகம். இரண்டும் குடும்பத்தில் ஓடும். பயணக் குமட்டலில் பரம்பரையின் பங்கு பாதிக்கு மேல் என்று இரட்டையர் ஆய்வு ஒன்று சொன்னது. 2015-ல் எண்பதாயிரம் பேர் அளவில் நடந்த மரபணு ஆய்வு அதோடு தொடர்புள்ள 35 இடங்களைக் காட்டியது. அவற்றில் சில கண், காது வளர்ச்சியோடு சம்பந்தப்பட்ட மரபணுக்களின் அருகில் இருக்கின்றன. உங்கள் அம்மாவும் வண்டியில் ஜன்னலோரம்தான் உட்காருவார் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்குத் தலைவலி உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

வண்டியில் இல்லாதபோதும் தலைசுற்றல் வருகிறதா என்பதையும் கவனியுங்கள். ஐந்து நிமிடத்திலிருந்து மூன்று நாள் வரை நிற்கிற தலைசுற்றல், அதோடு வெளிச்சம், சத்தம் பிடிக்காமல் போவது என்று பலமுறை வந்திருந்தால் சமநிலை மைக்ரேனா என்று பார்க்க வேண்டும். எப்படியானாலும் மைக்ரேன் உறுதியானால் சிகிச்சையின் திசையே மாறும். தலைவலியைத் தடுக்கும் மருந்து, தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு ஆகியவற்றைச் சரிசெய்தாலே பயணத்தொல்லையும் சிலருக்கு இறங்குகிறது. அடுத்து நீங்கள் பார்க்க வேண்டியவர் நரம்பியல் மருத்துவர், அல்லது தலைசுற்றலில் அனுபவமுள்ள காது மூக்கு தொண்டை மருத்துவர். ஸ்கேன் சென்டர் அல்ல.

மாத்திரை

சின்னரிசின் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் சாப்பிட வேண்டிய மருந்து. வேலை நாளெல்லாம் பயணம் என்பதால் எல்லா நாளும் என்று ஆகிவிட்டது, புரிகிறது. ஆனால் நீண்ட நாள் தொடர்ந்தால் தூக்கக் கலக்கம், எடை கூடுவது, மனச்சோர்வு வரலாம். வயதானவர்களிடம் அதிகமாகவும், மற்றவர்களிடம் அரிதாகவும், கைநடுக்கமும் உடல் இறுக்கமும் வரும். இதைவிட உங்களுக்கு முக்கியமான இன்னொரு விஷயம்: சமநிலையை மந்தமாக்கும் எந்த மருந்தும் மூளை தானாகப் பழகிக்கொள்வதைத் தாமதப்படுத்தும். எட்டு மாதமாக ஒரே பாதையில் போயும் பழகவில்லை என்று வருத்தப்படுகிறீர்களே, அதற்கு இந்த மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கலாம். மருத்துவரைப் பார்த்துப் படிப்படியாக விடுங்கள். மாத்திரை போட்ட நாளில் நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது.

தவிர்க்க முடியாத நீண்ட பயணத்துக்கு வேறு வழிகள் உண்டு. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டையைப் புறப்படுவதற்கு நான்கு மணி நேரமாவது முன்னால் ஒட்டினால் மூன்று நாள் வரை வேலை செய்யும். வாய் வறளும், பார்வை மங்கலாகலாம். ஒரு வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின், ப்ரோமெத்தசின் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகளும் உதவும், தூக்கமும் தரும். தூக்கம் தராத செட்டிரிசின், ஃபெக்ஸோஃபெனடின் போன்றவை இதற்கு வேலை செய்வதில்லை. வாந்திக்குப் பிரபலமான ஒண்டான்செட்ரானும் பயணக் குமட்டலைத் தடுப்பதில் பெரிதாக உதவாது. எந்த மாத்திரையானாலும் குமட்டல் கிளம்பிய பிறகு போட்டால் வயிறு அதைச் சரியாக எடுத்துக்கொள்ளாது.

ஆபரேஷன் கிடையாது. யாராவது செய்யலாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பழக்குவது

நீண்ட காலத்துக்குப் பலன் தருவதில் மருந்தைவிடப் பழக்கமே மேல். ராணுவ விமானிகளுக்கு இதையே முறையாகச் செய்கிறார்கள். ஆனால் தினமும் ஒன்றரை மணி நேரம் வாந்தி வரும் வரை தாங்கிக்கொள்வது பழக்குவதாகாது. அது உடம்புக்குப் பயத்தைத்தான் பழக்கும். குறுகிய தூரம், அடிக்கடி, குமட்டல் பத்துக்கு மூன்று என்ற அளவைத் தொடும்போதே நிறுத்திவிடுவது, மறுநாள் சற்றுக் கூட்டுவது என்றுதான் போக வேண்டும். சமநிலைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் இருந்தால், தலையை அசைத்தபடி ஒரு எழுத்தின்மேல் பார்வையை நிறுத்துவது, ஓடும் கோடுகளைத் திரையில் பார்ப்பது என்று வீட்டுக்கும் பயிற்சி தருவார். வாரக்கணக்கில் ஆகும். எல்லோருக்கும் பலிக்கும் என்றும் சொல்ல மாட்டேன். சார்லஸ் டார்வின் 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் சுற்றியும் கடல் குமட்டல் அவரை விடவில்லை.

அதுவரை காரில் முன் சீட்டைக் கேளுங்கள். மருத்துவக் காரணத்துக்காக அலுவலகத்தில் இதைக் கேட்பதில் தவறே இல்லை. தேவையானால் உங்கள் மருத்துவர் ஒரு கடிதம் தருவார். லேப்டாப்பை மூடி வையுங்கள். தலையைச் சீட்டில் நன்றாகச் சாய்த்து அசையாமல் வைத்து, தூரத்துச் சாலையைப் பாருங்கள். வளைவில் ஓட்டுநரின் தலை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே நீங்களும் சாயுங்கள். பயணிகளின் தலை தானாக எதிர்ப்பக்கம் போகும், அதுதான் தொந்தரவு. பார்க்க முடியாத நிலையில் கண்ணை மூடிக்கொள்வது அரைகுறையாகப் போனைப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல். மூச்சை நிதானமாக, எண்ணி எண்ணி விடுவதும் கொஞ்சம் உதவும் என்று ஆய்வுகள் உண்டு.

எப்போது மறுபடி பரிசோதனை?

ஒரு காது மட்டும் கேட்காமல் போனால் அல்லது இரைந்தால்; சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சுழன்றால்; இரட்டையாகத் தெரிந்தால், நடை தள்ளாடினால், முகமோ கையோ மரத்தால்; இதுவரை இல்லாத கடும் தலைவலி வந்தால் தாமதிக்காமல் போங்கள். சிறு வயதில் பயணக் குமட்டலே இல்லாத ஒருவருக்கு நடுவயதில் திடீரென்று ஆரம்பித்தால் அவரை விரிவாகப் பரிசோதிக்கத்தான் வேண்டும். உங்கள் கதை அப்படியல்ல. ஏழு வயதிலிருந்து ஒரே கதை.

யாராவது புதுப் பரிசோதனை எழுதினால், ‘இதில் என்ன வந்தால் என் சிகிச்சை மாறும்?’ என்று கேளுங்கள். கேட்கவும், பதில் திருப்தியாக இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஸ்கேன் படங்களின் குறுந்தகட்டையும் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பின்னால் எப்போதாவது தேவைப்பட்டால் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

மகளுக்கு

ஸ்கேன் வேண்டாம். இரண்டு வயதுக்குள் பயணக் குமட்டல் அபூர்வம். அதன்பின் ஏறி, ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் உச்சத்துக்குப் போகும். பதின்வயதில் பெரும்பாலும் இறங்கிவிடும். சரியாக அந்த வயதில்தான் அவள் இருக்கிறாள். காரில் டேப்லெட் கொடுக்காதீர்கள். அவள் வயதுக்கும் உயரத்துக்கும் பாதுகாப்பான சீட்டில், முன்கண்ணாடி வழியே சாலை தெரியும்படி உட்கார வையுங்கள். உங்கள் சின்னரிசினில் பாதியை உடைத்துக் கொடுப்பதாக எழுதியிருந்தீர்கள், அதை இன்றோடு நிறுத்துங்கள். மருந்து தேவையா, எவ்வளவு என்பதைக் குழந்தைகள் மருத்துவர் எடை பார்த்துச் சொல்லட்டும். அவளுக்கு அடிக்கடி தலைவலியோ காரணம் தெரியாத வயிற்றுவலியோ வருகிறதா என்று மட்டும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். அதே நோட்டில் எதிர்ப்பக்கம் உங்கள் தலைவலி நாட்களையும், மாதவிடாய் நாட்களையும், வண்டியில் மோசமான நாட்களையும் எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது ஸ்கேன் குறுந்தகட்டுக்கு முன்னால் அவர் கையில் கொடுக்க வேண்டியது அந்த நோட்டுதான்.